பழைய மஸ்டாங்குக்கு விண்ட்ஷீல்டு மாற்றப் போகிறீர்களா? கண்ணாடி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

என்னிடம் இருப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே. டெட்ராய்ட் பக்கம் குடியிருந்துகொண்டு ஒரு பழைய கார்கூட இல்லையென்றால் தெருவில் மதிக்க மாட்டார்கள் என்று வீட்டில் சொல்லி வாங்கியது. அதன் விண்ட்ஷீல்டை, அதாவது முன்பக்கக் கண்ணாடியை, ஒரு சனிக்கிழமை காலையில் மாற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே போய்விடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடிக்க ஒன்பது வாரம் ஆனது. நடுவில் ஒரு கண்ணாடி கடைக்காரர் கையில் போனது, இன்னொன்று என் கையில் போனது. இரண்டிலுமே கண்ணாடியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இந்த வேலையில் கண்ணாடி கடைசியாக வருகிற விருந்தாளி, அது உட்காரப்போகும் தகரச் சட்டத்தைச் சரிபண்ணுவதுதான் முக்கால்வாசி வேலை.

முதலில் உங்கள் காரில் கண்ணாடி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். 65 முதல் 68 வரையான மஸ்டாங், 55 முதல் 57 வரையான ஷெவி (ஷெவர்லே) போன்றவற்றில் கண்ணாடியைச் சுற்றித் தடிமனான ரப்பர் கேஸ்கெட் இருக்கும். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடி, இன்னொரு பள்ளத்தில் பாடியின் தகர விளிம்பு. இந்த விளிம்பைத்தான் பிஞ்ச் வெல்டு என்பார்கள். 67 கமாரோ மாதிரி வண்டிகளில் கேஸ்கெட்டே கிடையாது, கண்ணாடி நேராகப் பசையின் மேல் உட்காரும், சுற்றியுள்ள பளபள பட்டைதான் இடைவெளியை மறைக்கும். இந்த இரண்டுக்கும் வேலைமுறை முற்றிலும் வேறு. இன்றைய கண்ணாடிக் கடைகளில் இருக்கும் பையன்கள் இன்றைய கார்களில் கைதேர்ந்தவர்கள், அந்தக் கார்கள் எல்லாமே யூரித்தேன் பசையில் நிற்பவை. என் வண்டிக்கு வந்தவரும் நல்ல மனிதர்தான், ஆனால் கேஸ்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ரப்பரை உள்ளே இழுக்கும் கயிறு (அதைப் பின்னால் சொல்கிறேன்) போடாமல், மேல் விளிம்பை உள்ளே செருகிவிட்டுக் கீழ்ப்பக்கத்தைக் கையால் அமுக்கினார். டிக் என்று ஒரு சத்தம், சின்னதுதான், பென்சில் முனை உடைகிற மாதிரி. இடது கீழ் மூலையில் ஆரம்பித்த கோடு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் நடுவரை போனது. கடைக்குக் கொடுக்கும் முன், கேஸ்கெட் வைத்த கண்ணாடி எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கண்ணாடி வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை, மஸ்டாங் அளவுக்கு விற்ற வண்டிக்கு எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. கூப்பேக்கும் ஃபாஸ்ட்பேக்குக்கும் ஒரே கண்ணாடி, கூரை மடக்கும் கன்வெர்ட்டிபிளுக்கு வேறு, ஆர்டர் போடும்போது கவனம். மேலே பட்டையாக நிறம் வேண்டுமா, முழுக்க இளம் பச்சையா, நிறமே இல்லாததா என்று கேட்பார்கள். மூலையில் ஏஎஸ்1 என்ற குறி இருக்க வேண்டும், விண்ட்ஷீல்டாகப் போடத் தகுந்த லேமினேட்டட் கண்ணாடிக்கு, அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடிக்கு உள்ள குறி அது. கார் ஷோவில் நடுவர்கள் முன் நிறுத்தப்போகிறவர்கள் ஃபோர்டின் பழைய கார்லைட் முத்திரை போட்ட கண்ணாடியைத் தேடிப் போவார்கள், எனக்கு அந்த வியாதி இல்லை. பெட்டி லாரியில் வரும், கொண்டுவருபவர் அவசரப்படுத்துவார், பெட்டியைத் திறந்து நான்கு ஓரமும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கியதைப் படுக்கவைக்கவும் கூடாது, பழைய போர்வையின் மேல் ஓரத்தில் நிறுத்திச் சுவரில் சாய்த்து வையுங்கள். இன்னொன்று, பழைய கண்ணாடியின் தடிமனையும் புதியதன் தடிமனையும் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். புதியது மெலிந்திருந்தால் கேஸ்கெட்டுக்குள் லொடலொடவென்று நிற்கும், அந்த இடைவெளியைப் பசைதான் அடைக்க வேண்டியிருக்கும்.

சுற்றி வளைந்த கண்ணாடி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1953 கடிலாக் எல்டொராடோவில் வந்து, 55-ல் ஷெவி வரைக்கும் இறங்கிய அந்தப் பாணியில் இரண்டு பக்கமும் கண்ணாடி காதுவரை மடங்கியிருக்கும். பார்க்க ராஜ கம்பீரம், ஏறி இறங்கும்போது மட்டும் முழங்காலைத் தூணில் இடித்துக்கொள்ள வேண்டும். அந்த மடிப்புதான் முதலில் உடையக் காத்திருக்கும் இடம். மூன்று பேர் இல்லாமல் தொடாதீர்கள். அதற்கும் முந்தைய, நடுவில் தூண் வைத்து இரண்டு தட்டைக் கண்ணாடியாக வந்த வண்டிகள் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், தட்டையான லேமினேட்டட் கண்ணாடியில் அளவுக்கு வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

சரி, கழற்றுவது. வைப்பர் கைகள், உட்புறத் தூண்களை மூடும் பட்டைகள், பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் சுற்றியுள்ள ஸ்டெயின்லெஸ் மோல்டிங், அதாவது பளபள பட்டை. இதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினீர்கள் என்றால் ஒரு நொடியில் மடிப்பு விழும், அந்த மடிப்பை எடுக்க ஒரு மாதம் ஆகும். நுனி கொக்கியாக வளைந்த தட்டையான கருவி ஒன்று இதற்கென்றே சில டாலருக்குக் கிடைக்கிறது. மோல்டிங்குக்கு அடியில் நுழைத்து, உள்ளே இருக்கும் கிளிப்பைத் தேடி, அதை விலக்கினால் பட்டை தானாக எழும்பும். எழும்பவில்லை என்றால் இன்னும் ஒரு கிளிப் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், இழுக்காதீர்கள். பழைய கேஸ்கெட்டைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். வெளி உதட்டைக் கூரான கத்தியால் சுற்றி அறுத்து எடுத்துவிட்டால் கண்ணாடியை இரண்டு பேர் முன்பக்கமாகத் தூக்கிவிடலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடிமனான கையுறை. ஐம்பது வருடக் கண்ணாடியின் ஓரம் சவரக்கத்தி.

இனிமேல்தான் கதை. கண்ணாடி போனதும் தெரியும் அந்தத் தகர விளிம்பைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு போடும் ஊர் இது, ஆனால் இந்தத் துரு கீழிருந்து வந்தது கிடையாது. மோல்டிங்கைப் பிடிக்கும் கிளிப்புகளைப் பாடியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள், ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையும் தண்ணீருக்குத் திறந்த வாசல். கீழ் மூலைகள் இரண்டிலும் பெயிண்ட் அப்பளம்போல் உப்பியிருந்தது. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் தகரம் அங்கே இல்லை. இதைப் புட்டி வைத்து மூடினால் இரண்டே வருடத்தில் இதே கதைக்குத் திரும்ப வருவீர்கள். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டு செய்ய வேண்டும், எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும், அந்தப் பெயிண்ட் நன்றாக இறுகும்வரை சும்மா இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

கண்ணாடி வெளியே இருக்கும் இந்த நேரத்தில் கௌலையும் சோதித்துவிடுங்கள். விண்ட்ஷீல்டுக்குக் கீழே காற்று நுழையும் சல்லடை இருக்கிறதே, அதற்கு அடியில் உள்ள பெட்டி அது. 65, 66 மஸ்டாங்கின் பரம்பரை நோயே அங்கேதான். காற்றை உள்ளே விடும் ஓட்டையைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தொப்பி மாதிரி ஒரு தகர வளையம் நிற்கும், உள்ளே இலையும் மண்ணும் சேர்ந்து ஊறி அந்த வளையம் அரித்துப்போகும், அப்புறம் மழை நேராகக் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். எத்தனையோ பேர் விண்ட்ஷீல்டுதான் ஒழுகுகிறது என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றிவிட்டு, முதல் மழையிலேயே தரைவிரிப்பைப் பிழிந்திருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரை அந்தச் சல்லடையில் மெதுவாக ஊற்றிவிட்டு, டார்ச்சோடு டாஷுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சொட்டினால் முதலில் அந்த வேலை. கௌலின் மேல் தகடு ஏராளமான ஸ்பாட் வெல்டுகளில் நிற்கிறது, ஒவ்வொன்றையும் டிரில் செய்து எடுத்தால்தான் வெளியே வரும். அலுப்பான வேலை, கண்ணாடி இல்லாதபோது செய்தால் கொஞ்சம் கை போகும். கூரையின் உட்புறத் துணி, அதாவது ஹெட்லைனர் மாற்றும் எண்ணம் இருந்தாலும் இப்போதே செய்யுங்கள், அதன் முன் ஓரத்தை இழுத்து இந்த விளிம்பில்தான் ஒட்டுகிறார்கள். டாஷ் பேடும் அப்படித்தான், கண்ணாடி இல்லாவிட்டால் ஐந்து நிமிஷ வேலை.

அடுத்து, கேஸ்கெட் இல்லாமல் வெறும் கண்ணாடியை ஒருமுறை சட்டத்தில் வைத்துப் பாருங்கள், விளிம்பில் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளை வைத்துவிட்டு. இதைச் செய்யாததால்தான் என் இரண்டாவது கண்ணாடி போனது. வெல்டு செய்த இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு துளி மேடாக நின்றிருக்கிறது, கண்ணில் படவில்லை. கண்ணாடி அழகாக உள்ளே போனது, இரவு நிம்மதியாகத் தூங்கினேன், மூன்றாம் நாள் ராத்திரி குளிர் இறங்கியதும் காலையில் அதே இடத்திலிருந்து மேலே ஒரு கோடு. லேமினேட்டட் கண்ணாடி என்பதால் சிதறாது, நடுவில் உள்ள பிளாஸ்டிக் படலம் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் ஓரம் ரொம்பப் பலவீனம், ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் தாங்காது. விரலால் விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள், கண்ணைவிட விரல் நம்பகமானது. நான்கு பக்கமும் இடைவெளி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மோல்டிங் கிளிப்புகளை இப்போதே முடுக்கிவிடுங்கள், ஒவ்வொரு ஸ்க்ரூவின் அடியிலும் ஒரு துளி சீலன்ட் வைத்து.

பொருத்தும் நாளுக்கு வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். புது கேஸ்கெட்டை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வையுங்கள், பெட்டியில் மடங்கிக் கிடந்த ரப்பர் அப்பத்தான் இளகும். மேஜையில் போர்வை விரித்துக் கண்ணாடியை வைத்து, முதலில் நான்கு மூலைகளையும் உட்காரவைத்துவிட்டுத்தான் நடுப்பகுதிக்கு வர வேண்டும். மூலையில் கண்ணாடி பள்ளத்தின் அடிவரை போயிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். தகர விளிம்பு நுழையும் வெளிப்பள்ளத்தில் நாலைந்து மி.மீ. பருமனுள்ள நைலான் கயிற்றைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒரு அடி தூரம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுங்கள். வழுக்குவதற்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் போதும். வாசலின், கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம், ரப்பர் நாளடைவில் உப்பிக் கெட்டுப்போகும்.

இப்போது இரண்டு பேர் கண்ணாடியைச் சட்டத்தில் நடுவாக வைத்து, கயிற்று முனைகளை உள்ளே விட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெதுவாக இழுக்க, ரப்பரின் உள் உதடு தகர விளிம்பைத் தாண்டிக்கொண்டு உள்ளே வரும். வெளியே இருப்பவர் கயிறு போகும் இடத்தைப் பார்த்தபடியே அதே இடத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டு வர வேண்டும், முஷ்டியால் அல்ல. மூன்றாவது முறை எனக்கு வெளியே நின்று தட்டியது பக்கத்து வீட்டுக்காரர், எழுபது தாண்டியவர், ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர். நான் உள்ளிருந்து அவசரப்பட்டு இழுத்தபோதெல்லாம் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டி நிறுத்துவார், சோப்புத் தண்ணீரை இன்னொருமுறை அடிப்பார், தலையை ஆட்டுவார், அப்புறம்தான் நான் இழுக்க வேண்டும். மூலையில் கயிறு இறுகி நின்றுவிடும், அங்கே பலத்தைக் காட்டினால் கயிறு ரப்பரைக் கிழிக்கும். பிளாஸ்டிக் கரண்டியின் காம்பால் உதட்டை லேசாகத் தூக்கிவிட்டால் போதும். கடைசி ஒரு அடி வந்து கயிறு என் மடியில் விழுந்தபோது இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

சோப்பு ஈரம் காய்ந்தபிறகு, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், ரப்பருக்கும் பாடிக்கும் நடுவிலும் இறுகாத கருப்புப் பசையை விட வேண்டும். கடையில் பெடிங் அண்ட் கிளேசிங் காம்பவுண்டு என்று கேளுங்கள். சிலிகான் வேண்டவே வேண்டாம், ஒட்டினால் பெயிண்ட் பக்கத்தில் வராது, எடுக்கவும் முடியாது. வழிந்ததை மினரல் ஸ்பிரிட்ஸில் நனைத்த துணியால் துடைத்தால் போகும். மோல்டிங்கை மறுநாள் போடுங்கள்.

கமாரோக்காரர்களுக்குச் சுருக்கமாக: பியூட்டைல் டேப்பா (பிசுபிசுப்பான பசைப் பட்டை), யூரித்தேனா என்பதுதான் உங்கள் சண்டை. பியூட்டைல் ஒருபோதும் இறுகாது, போடுவது சுலபம், பின்னால் கழற்றுவதும் சுலபம், ஆனால் பிடிப்பு குறைவு. ஓட்டுகிற வண்டி என்றால் நான் யூரித்தேன்தான் சொல்வேன். அதற்குப் பழைய பியூட்டைலின் சுவடுகூட இருக்கக்கூடாது, அதன் மேல் யூரித்தேன் ஒட்டாது, அதற்கான பிரைமரும் போட வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள், அதுவரை ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று ஈரமான பசையைத் தள்ளிவிடும்.

தண்ணீர்ச் சோதனைக்குத் தோட்டக் குழாய் போதும், பிரஷர் வாஷர் எடுக்காதீர்கள். கீழ் விளிம்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிஷம் விட்டு மெல்ல மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் எங்கே நுழைந்தது என்றே தெரியாது, தண்ணீர் ஒரு இடத்தில் புகுந்து தகரத்தோடு ஊர்ந்து இரண்டு அடி தள்ளித்தான் சொட்டும். எனக்கு வலது மூலையில் சொட்டியது, பார்த்தால் மேலே நடுவில் ஒரு கிளிப் ஸ்க்ரூ சீலன்ட் இல்லாமல் போயிருக்கிறது. அந்த வருடம் பனி விழும்வரை தரைவிரிப்பைப் போடாமல், கீழே பழைய செய்தித்தாளை விரித்தபடிதான் ஓட்டினேன், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு.