ராத்திரி பஸ் டிக்கியில் சைக்கிள்: சென்னையிலிருந்து ஏற்காடு ஏற

சேலம் வரை 340 கிலோமீட்டர் மிதிக்க எனக்கு லீவு கிடையாது. ஆசையெல்லாம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் மேல்தான். அதனால் கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறி, விடியும்போது சேலத்தில் இறங்கி, அங்கிருந்து மிதிக்கிறேன். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. என்னுடையது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சாதாரண கியர் சைக்கிள்.

1. பஸ். பக்கவாட்டில் பெரிய டிக்கி உள்ள தொலைதூர வண்டியாகப் பாருங்கள். வெள்ளி ராத்திரியும் பண்டிகைக்கு முந்தைய நாளும் வேண்டாம், டிக்கி நிரம்பிவிடும். அரை மணி நேரம் முன்னால் போய், வீல்களைக் கழற்றிக் கட்டிவிட்டு அப்புறம் கண்டக்டரிடம் கேளுங்கள். முழு சைக்கிளோடு போய் நின்றால் "இடமில்லப்பா" என்பார். அதே சைக்கிள் மூட்டையாக இருந்தால் "ஓரமா வைங்க" என்பார். லக்கேஜ் டிக்கெட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வீல் கழற்றுவது. பின் வீலைத் தொடும் முன் செயினைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். செயின் தளர்ந்து, வீல் சுலபமாக வரும்.

3. பிரேக். முதல் பயணத்தில் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதிகாலை நாலரை மணி, சேலம் பஸ் ஸ்டாண்டு. முன் வீல் உள்ளே போகவே மாட்டேன் என்றது. ஃபோர்க் வளைந்துவிட்டது என்று பதறிப்போனேன். பார்த்தால், டிஸ்க்கை (வீலோடு சேர்ந்து சுற்றும் தட்டு) இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிரேக் பேடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்க யாரோ ஒருவருடைய சாக்கு மூட்டை பிரேக் லிவரை அழுத்தியிருக்கிறது.

ஹைட்ராலிக் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதை ஈடுகட்ட, பேடைத் தள்ளும் பிஸ்டன் தானாக வெளியே நகரும். நடுவில் டிஸ்க் இல்லாமல் லிவர் அழுந்தினால் தடுக்க ஒன்றுமில்லை, பேட் நெருங்கி வந்து அங்கேயே நின்றுவிடும். டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலைப் பேடுகளுக்கு இடையில் செருகி, மெதுவாக இரு பக்கமும் நெம்பினால் திரும்பப் போகும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பேடைக் கீறிவிடும்.

வீலைக் கழற்றிய கையோடு, பழைய அட்டையை டிஸ்க்கின் கனத்துக்கு (கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர்) மடித்து, பேடுகளுக்கு நடுவே செருகிவிட்டால் இந்த வேலையே வராது. முன்னாலும் பின்னாலும் செருகுங்கள். செயினைத் தொட்ட கையால் டிஸ்க்கைத் தொடாதீர்கள். எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, இறங்கப்போவது மலைப்பாதையில்.

4. கட்டுவது. ஃபிரேமின் இரு பக்கமும் ஒவ்வொரு வீல், டிஸ்க் உள்பக்கம் பார்த்தபடி, இடையில் பழைய போர்வை. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது, குலுங்கலில் கழன்றுவிடுகிறது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, நீளவாக்கில் கிழித்து இறுக்கிக் கட்டுங்கள். பால்காரர்கள் கேன் கட்டுவது இதில்தான், அசையாது.

5. டிக்கியில் வைப்பது. செயின் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். கியர் மாற்றி அடியில் நசுங்கினால், அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் கொம்பு வளைந்து, பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது கியர் மாற்றி ஸ்போக்கில் போய் மாட்டும். கடைசியாக ஏற்றுங்கள், மேலே பெட்டி வராது.

6. சேலத்தில். டீக்கடை வெளிச்சத்தில் மாட்டுங்கள். வீலைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, இரண்டு பிரேக்கையும் பத்து முறை அழுத்திய பிறகே ஏறுங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். அதன் பிறகு வளைவுகளை எண்ணிக்கொண்டே போகலாம்.

பின்சேர்க்கை: டிக்கி தாழ்வாக இருந்ததால் பெடலைக் கழற்றப் பார்த்தாராம் ஒரு வாசகர். இடது பெடல் அசையவே இல்லையாம். இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கம்போலத் திருகினால் இன்னும் இறுகும். 15 எண் ஸ்பேனரைப் பெடலில் மாட்டி, கைப்பிடி மேல்நோக்கி நிற்கட்டும். எந்தப் பக்கமானாலும் பின் வீலை நோக்கித் தள்ளினால் கழலும். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.