இரண்டே சுரத்தில் ஒரு சோலோ: சோனி ரோலின்ஸ் வழியில் முதல் பயிற்சி

ஜாஸ் பழகத் தொடங்கும் பலரும் முதல் நாளிலேயே ஸ்கேல்களை (சுர வரிசைகளை) மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார்கள். விரல் ஓடும், பாட்டு வராது. டெனர் சாக்ஸ் மேதை சோனி ரோலின்ஸ் போன வழி வேறு. ஒரு சின்னத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் வளர்த்துக்கொண்டே போவார்.

முதலில் கேளுங்கள். 1956 ஜூனில் பதிவான 'சாக்ஸஃபோன் கொலோசஸ்' ஆல்பத்தில் முதல் பாட்டு 'செயின்ட் தாமஸ்'. ரோலின்ஸின் அம்மா வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர். சிறுவயதில் அம்மா பாடக் கேட்ட கலிப்ஸோ (கரீபியத் தீவுகளின் பாட்டு வகை) மெட்டு இது. மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸோடு தொடங்கும். மெட்டு முடிந்து சோலோ (கற்பனையாக வாசிக்கும் தனி வாசிப்பு) ஆரம்பிக்கும் இடத்தை நாலைந்து முறை திருப்பிப் போடுங்கள். டக்-டக் என்று இரண்டே சுரம், கொஞ்சம் மௌனம், மறுபடி அதே இரண்டு, ஆனால் தாளத்தில் வேறொரு இடத்தில். எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் அது.

அடுத்து, 16 பார் (தாளச் சுற்று) மெட்டையும் வாயால் பாடிப் பழகுங்கள். பாட வராததை வாசிக்கவும் வராது.

சரி, இப்போது வாத்தியத்தை எடுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டு. சி, ஜி இரண்டு சுரம் மட்டும் (டெனர் சாக்ஸ் என்றால் உங்கள் விரலுக்கு அது டி, ஏ). முதல் அடியில் தொடங்கி வாசியுங்கள். அப்புறம் இரண்டாம் அடியில். அப்புறம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். இந்தக் கடைசி இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவோம். காலால் தாளம் தட்டிக்கொண்டே ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். மூன்றாவது சுரத்துக்குக் கை பரபரக்கும், போக விடாதீர்கள்.

பிறகு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றம். சி கார்டிலிருந்து ஜி7-க்குப் போகும்போது சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள், ஜி அப்படியே இருக்கட்டும். துணுக்கின் முகம் மாறாது, நிறம் மாறும். இது கைவந்ததும் வாலில் ஒரு சுரம் சேர்க்கலாம்.

தினமும் போனில் பதிவு செய்து கேளுங்கள். மூச்சு விட இடமே இல்லையென்றால் பாதியை வெட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ப்ளூ 7'-ஐக் கேளுங்கள். 1958-இல் இசையமைப்பாளரும் விமர்சகருமான கந்தர் ஷுல்லர் பிரித்து அலசிய சோலோ அது. தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, தொடக்கத் துணுக்கு திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள்.