கேம் பண்டில் வாங்கும் முன் ஒரு ஐந்தொகை போட்டுப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு 'லாட்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எனாமல் தூக்குவாளி ஒன்றைக் கையில் எடுத்து விலை கேட்டால், "அது தனியா வராதுண்ணே, இந்தப் பெட்டியோட எடுத்துக்கங்க, சல்லிசா போட்டுத் தர்றேன்" என்பார் கடைக்காரர். பெட்டிக்குள் மூடி இல்லாத டப்பா நாலு, பிடி போன கரண்டி, எதற்கென்றே தெரியாத ஒரு பித்தளைத் திருகு. அப்படி ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து அப்பத்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பல கம்ப்யூட்டர் கேம்களைச் சேர்த்துக் கட்டி ஒரே விலைக்கு விற்கும் கேம் பண்டிலும் லாட்தான், பெட்டிதான் கண்ணுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு பண்டில் பார்த்தேன். 10 ஐட்டம், 'மொத்த மதிப்பு 9,480 ரூபாய்', விலை 1,099. அதையே வைத்து ஐந்தொகையை, அதாவது எது தேறும் எது தேறாது என்ற கணக்கை, ஒவ்வொரு படியாகப் போடுவோம். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: எந்த வகை லாட்?

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலேயே 'பண்டில்' என்று போட்டு விற்பது ஒரு வகை. அதில் பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே உள்ள கேமின் விலையைக் கழித்துக்கொண்டு, மீதிக்கு மட்டும் காசு கேட்பார்கள். இன்னொன்று ஹம்பிள், ஃபனாட்டிகல் போன்ற வேறு ஆன்லைன் கடைகளில் கீ எண்ணாக வருவது, அந்த எண்ணை ஸ்டீமில் போட்டால் கேம் உங்கள் கணக்கில் ஏறும். ஹம்பிள் 2010-ல் 'நீங்களே விலை சொல்லுங்கள்' என்று ஆரம்பித்தது, இப்போது பெரும்பாலும் தட்டு தட்டாக இருக்கும், கூடக் கொடுத்தால் கூடக் கிடைக்கும். இந்த வகையில் உங்களிடம் ஒரு கேம் இருக்கிறதே என்று யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்கள். நான் பார்த்தது இந்த வகை. தட்டுகள் இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கணக்கு போடுங்கள், நிறைய நேரம் கீழ்த்தட்டிலேயே காரியம் முடிந்துவிடும்.

படி 2: அடியுங்கள்

பத்தையும் வரிசையாக எழுதி, விளையாட முடியாததை எல்லாம் பேனாவால் அடியுங்கள். என் நோட்டில் இசை ஆல்பம் இரண்டு போனது. ஓவியப் புத்தகம் ஒன்று போனது. ஒரு டிஎல்சி (ஒரு கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதி) போனது, ஏனென்றால் அதற்குத் தாய் கேம் அந்தப் பண்டிலிலேயே இல்லை (இதைப் போய் ஒரு ஐட்டமாக எண்ணிக் காட்டியிருந்தார்கள், சிரிப்பதா என்ன செய்வது). ஒரு கேம் ஏற்கெனவே என்னிடம் உண்டு. இன்னொன்று ஆன்லைனில் மட்டும் ஆடுவது, விமர்சனங்களைச் சமீபத்தியது முதலில் வரும்படி மாற்றிப் பார்த்தால் சர்வரில் ஆளே இல்லை என்று புலம்பல். பத்தில் மிச்சம் நாலு.

படி 3: உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

கேமின் பக்கத்தில் கீழே குறைந்தபட்சத் தேவை போட்டிருக்கும். ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்கில் எத்தனை ஜிபி, இந்த மூன்றையும் பாருங்கள். பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனம்: 2024 ஜனவரியோடு ஸ்டீம் அதற்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. என்னுடையது 8 ஜிபி ரேம், தனிக் கார்டு இல்லாத லேப்டாப். நாலு மூன்றானது.

படி 4: போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள், அடிமட்ட விலையைத் தேடுங்கள்

அந்த 9,480 என்பது முழு விலைகளின் கூட்டல். சேல் இல்லாத நாளில் முழு விலை கொடுத்து யார் வாங்குகிறார்கள்? ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைப் போட்டு, நாணயத்தை இந்திய ரூபாய்க்கு மாற்றினால், இதுவரை அது எந்த விலைக்கு இறங்கியது என்று தெரியும். மற்ற கடைகளையும் சேர்த்துப் பார்க்க 'ஈஸ் தேர் எனி டீல்' தளம் இருக்கிறது, அதில் நாட்டை இந்தியா என்று வைக்க மறக்காதீர்கள், டாலர் கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். ஒரு கேம் வருடத்தில் நாலு தடவை 80 சதவீதத் தள்ளுபடியில் வருகிறது என்றால், அந்தத் தள்ளுபடி விலைதான் அதன் விலை.

விலை காலத்தோடு கரையும் என்பதற்கு 2007-ல் வந்த ஆரஞ்சு பாக்ஸைப் பாருங்கள். ஹாஃப்-லைஃப் 2, அதன் இரண்டு எபிசோடுகள், போர்ட்டல், டீம் ஃபோர்ட்ரஸ் 2 என ஐந்து கேம் ஒரே பெட்டியில், அந்த நாளில் வாங்குபவருக்கு அது கொள்ளை லாபம். ஆனால் டீம் ஃபோர்ட்ரஸ் 2, 2011-லேயே இலவசமாகிவிட்டது. 2024 நவம்பரில் வந்த 20-ம் ஆண்டு அப்டேட்டோடு இரண்டு எபிசோடுகளும் ஹாஃப்-லைஃப் 2-க்குள்ளேயே சேர்ந்துவிட்டன. இன்று யாராவது அந்த ஐந்தையும் உங்களிடம் விற்க வந்தால் நீங்கள் விலை போட வேண்டியது இரண்டுக்குத்தான்.

என் மூன்று கேமுக்கும் கிடைத்த அடிமட்ட விலை: 249, 164, 329. கூட்டினால் 742.

படி 5: வராக்கடனைக் கழியுங்கள்

வட்டிக்கடைக் கணக்கில் வருட முடிவில் ஐந்தொகை போடும்போது வராக்கடனை வரவேண்டிய தொகையில் சேர்த்துக்கொண்டு யாரும் பூரிக்க மாட்டார்கள். கேமுக்கும் அதே கணக்குதான். வாங்கிய வாரத்திலேயே ஆரம்பிப்பேன் என்றால் முழு விலை, பார்க்கலாம் என்றால் பாதி, இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன் என்றால் பூஜ்யம். 'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் ஒரு கேமை முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று இருக்கும். என் 329 ரூபாய் கேமுக்கு 60 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது, அதனால் அதற்குப் பாதி, 165 ரூபாய். ஆக 249, 164, 165. மொத்தம் 578.

படி 6: சில்லறைச் செலவு

டாலரில் விலை இருந்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை பேங்க் தனியாகப் பிடிக்கும், அதையும் கூட்டுங்கள். கீ இந்தியாவில் ஏறுமா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள். அப்புறம் ரீஃபண்ட்: ஸ்டீமில் வாங்கிய பண்டிலை 14 நாளுக்குள், எல்லாக் கேமும் சேர்த்து 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். வெளியே வாங்கிய கீயை ஸ்டீம் திரும்ப எடுக்காது, விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சரி, 1,099 கேட்கிறார்கள், எனக்கு அது 578 பெறும். விட்டுவிட்டேன். 249-ம் 164-ம் நேராக விஷ்லிஸ்டுக்குப் போயின, விலை இறங்கினால் மெயில் வரும். 164 ரூபாய் கேம் மூன்றே வாரத்தில் அதே விலைக்கு வந்தது, யூபிஐயில் கட்டி வாங்கிவிட்டேன். 249-க்கு இன்னும் காத்திருக்கிறேன்.