ஹாம் ரேடியோ மேசைக்கு மானிட்டர்: தேர்வும் இரைச்சல் சோதனையும்

பெங்களூரு அல்சூரில் என் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக உரிமம் பெற்று இயக்கும் வானொலி) மேசைக்குப் புது மானிட்டர் வந்த அன்றே 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) கேட்பது பெரும்பாடாகிவிட்டது. ரேடியோவின் எஸ் மீட்டரில் (சிக்னல் வலிமையைக் காட்டும் மானி) வழக்கமாக எஸ் 3-இல் நிற்கும் இரைச்சல் எஸ் 7-க்கு ஏறி அங்கேயே நின்றது. ஒரு எஸ் அலகுக்கு 6 டெசிபல் என்றால் மொத்தம் 24 டெசிபல், அதாவது திறனில் சுமார் 250 மடங்கு. காலையில் தெளிவாகக் கேட்கும் மதுரை நண்பரின் குரல் மணல் கொட்டுகிற மாதிரியான சத்தத்தில் மூழ்கிப்போனது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

படி 1: அளவு. மேசை 60 செ.மீ. ஆழம் என்றால் 24 அங்குலம் போதும். எஃப்.டி.8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) இயக்குபவர்களுக்கு வாட்டர்ஃபால் (சிக்னல்களை நிறக் கோடுகளாகக் காட்டும் படம்), வந்த செய்திகளைக் காட்டும் டிகோட் ஜன்னல், தொடர்புகளைப் பதியும் லாக் மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும். அதற்கு அகலத்தைவிட உயரம்தான் உதவும். 1920x1200 கிடைத்தால் விடாதீர்கள். 27 அங்குலத்தில் 1920x1080 வாங்காதீர்கள், எழுத்து பெரிதாகுமே தவிர கூடுதலாக எதுவும் திரையில் அடங்காது.

படி 2: திரையும் மின்சாரமும். எந்தக் கோணத்திலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரைதான் என் தேர்வு. மலிவான டி.என். திரையில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலே வாட்டர்ஃபால் நிறம் மாறும், மெலிந்த சிக்னலின் கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். பளபளப்பான திரையும், உள்ளே ஸ்பீக்கர் வைத்ததும் வேண்டாம். பின்புறம் 100 மி.மீ. வேசா துளைகள் (தாங்கியில் மாட்டுவதற்கான திருகுத் துளைகள்) இருந்தால் கைத்தாங்கியில் மாட்டி, அடியில் ரேடியோவை வைத்துக்கொள்ளலாம்.

அடாப்டர் வெளியே தனியாக இருக்கும் மாடலையே நான் வாங்குவேன். இரைச்சல் அடாப்டரில் இருந்து வந்தால், அதே வோல்ட்டும் போதுமான ஆம்பியரும் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளையை மாற்றிப் போடலாம். பின்னின் பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள். 12 வோல்ட் மானிட்டரை ரேடியோவின் 13.8 வோல்ட் சப்ளையில் நேரடியாகச் செருகாதீர்கள்.

பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குக் கையடக்க ரேடியோ எடுத்துப்போய்ச் சோதிக்கலாம் என்று நானும் நினைத்தேன். அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் இரைவதால் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வதுதான் வழி.

படி 3: சோதனை. நான் தவறியது இங்கேதான். மானிட்டரின் பொத்தானை அமுக்கி அணைத்தேன், இரைச்சல் குறையவில்லை. அதனால் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான் காரணம் என்று இரண்டு வாரம் அதையே சந்தேகித்தேன். பொத்தானை அமுக்கினாலும் உள்ளே பவர் சப்ளை ஓடிக்கொண்டேதான் இருக்கும். சுவரில் இருந்து பிளக்கையே பிடுங்க வேண்டும். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் அது லேப்டாப்பின் இரைச்சலுக்கு ஆன்டெனாவாக வேலை செய்யும்.

ரேடியோவும் லேப்டாப்பும் பேட்டரியில் ஓடட்டும். மானிட்டரின் பவர் பிளக், ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் இரண்டையும் கழற்றி வைத்து, 7.074 மெகாஹெர்ட்ஸ் அருகே ஆளில்லாத இடத்தில் எஸ் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பவர் பிளக்கை மட்டும் செருகிக் குறியுங்கள். கடைசியாக ஹெச்.டி.எம்.ஐ. கேபிள். எந்தக் கட்டத்தில் முள் ஏறுகிறதோ அதுதான் காரணம். கேபிள் என்று தோன்றினால் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றிப் பாருங்கள். இரைச்சலும் இடம் மாறினால் சந்தேகமே வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் 1920x1080 படத்துக்கு வழக்கமான பிக்சல் கிளாக் (படப் புள்ளிகளை அனுப்பும் வேகம்) 148.5 மெகாஹெர்ட்ஸ், நம் 2 மீட்டர் பேண்டோ 144 முதல் 146 வரை, அதற்குப் பக்கத்திலேயே. 2 மீட்டர் போன்ற வி.ஹெச்.எஃப். பேண்டுகளில் பேசுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 4: ஃபெர்ரைட். இது கேபிள் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம். கேபிள்மேல் ஒன்று மாட்டிவிட்டு ‘பலனில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். ஒரே தடவை நுழைந்து போகும் கேபிளுக்கு 7 மெகாஹெர்ட்ஸில் பெரிய தடை கிடைக்காது. சுற்றுகள் கூடக்கூட தடை ஏறத்தாழ அவற்றின் வர்க்கத்துக்கு ஏறும், 5 சுற்றுக்குச் சுமார் 25 மடங்கு. 31 வகை ஃபெர்ரைட் கலவையில் (‘மிக்ஸ் 31’) 2.4 அங்குல வளையம் வாங்குங்கள், ஹெச்.டி.எம்.ஐ. முனை அதில் நுழையும். மெல்லிய கேபிளாக எடுத்து 5, 6 சுற்றுச் சுற்றி, மானிட்டர் முனைக்கு ஒட்டி வையுங்கள். பவர் கேபிளுக்கு இன்னொன்று. எனக்கு இரைச்சல் எஸ் 4-க்கு இறங்கியது, மதுரைக்காரர் திரும்பக் கேட்டார்.

பின்சேர்க்கை: மும்பை செம்பூரில் இருந்து ஒரு நண்பர், டிரான்ஸ்மிட் பட்டனை அழுத்தினால் திரை கறுத்துவிடுகிறது என்றார். இது எதிர்த்திசைத் தொல்லை. அவர் பால்கனியில் ஒருமுனை ஊட்டும் ஒயர் ஆன்டெனா போட்டிருக்கிறார், கோஆக்ஸின் (ஆன்டெனா கேபிள்) வெளிப்புறம் வழியாக ஆர்.எஃப். (ரேடியோ அலை மின்சாரம்) மேசைக்கே திரும்பி வருகிறது. பவரை 10 வாட்டுக்குக் குறைத்ததும் திரை கறுப்பது நின்றது. ஆன்டெனா ஊட்டும் இடத்தில் கோஆக்ஸை அதே மாதிரி வளையத்தில் சுற்றி, கீழே ஒரு கவுண்டர்பாய்ஸ் ஒயரும் (ஆன்டெனாவுக்கு எதிர்முனையாக விடும் ஒயர்) விட்ட பிறகு இப்போது 50 வாட்டில் பேசுகிறார், திரை அசையவில்லை.