ஆறாம் வகுப்பைப் புதிதாக எடுக்கும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்தால் புதிய ஆசிரியர்கள் வகுப்புக்குள் வருகிறார்கள். காலாண்டுத் தேர்வுக்குள் அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். நேரத்துக்கு வாருங்கள், பாடக்குறிப்பு எழுதுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குத் தலைமையாசிரியர் இருக்கிறார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முதல் தடவையாகக் கையில் எடுப்பவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாத சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

நோட்டு அழகாக இருந்தால் வாசிக்கத் தெரியும் என்று நம்புவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடக்கூடியது என்பதால்தான் எரிச்சலும் அதிகம்.

கரும்பலகையில் போட்டதை ஒரு எழுத்து பிசகாமல், மார்ஜின் விட்டு, தலைப்புக்கு அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டு வரும் ஒரு பிள்ளை. ஆசிரியரும் 'நன்று' போட்டு அனுப்பிவிடுகிறார். உண்மையில் அந்தப் பிள்ளை எழுத்துகளை வரைந்துகொண்டு வந்திருக்கிறது. பாடத்தை வாசி என்றால் கடகடவென்று ஒப்பிக்கவும் செய்யும். வகுப்பே சேர்ந்து மூன்று நாள் கத்திப் படித்தது காதில் ஏறியிருக்கும். குனிந்து விரலைப் பாருங்கள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும், விரல் இரண்டாவது வரியிலேயே நிற்கும். வரி நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தால்தான் அந்தச் சொல் அதற்குக் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. ஆறில் கவனிக்காமல் விட்டது ஒன்பதில் வந்து நிற்கும். அதற்கு மேல் பொதுத்தேர்வில் 35 வாங்க வைக்க, நாலு வினாவை மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது. மதிப்பெண் பட்டியலும் காட்டிக்கொடுக்காது. வகுப்பிலேயே அவ்வப்போது போடும் வளரறி மதிப்பீடு அ, ஆ இரண்டும் தலா 20. படம் ஒட்டுவது, பார்த்து எழுதுவது என்று அந்த 40-இல் 36 வாங்கிவிட்டால், தொகுத்தறி மதிப்பீட்டில், அதாவது பருவ முடிவுத் தேர்வில், 60-க்கு 10 எடுத்த பிள்ளையும் மொத்தம் 46 என்று தேறிவிடும். அதனால் அந்த 60-ஐத் தனியாகப் பாருங்கள்.

பாடம் தொடங்குவதற்கு முன், ஜூனிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இடம் வராந்தா, மற்ற பிள்ளைகள் காதில் விழக் கூடாது. ஆளுக்கு 2 நிமிடம், தினம் 10 பேர். 40 பேர் இருக்கும் வகுப்பு நான்கு நாளில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்புப் புத்தகம் வேண்டாம். இரண்டாம் வகுப்பு அளவில் நீங்களே எழுதிய நான்கு வாக்கியம், அதோடு 'மொகி', 'தூபெ', 'லைசு', 'நொடூ' மாதிரி பொருளே இல்லாத ஆறு சொல். படத்தைப் பார்த்தோ முதல் எழுத்தைப் பார்த்தோ ஊகித்தே ஐந்து வருடம் ஓட்டிய பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று கொம்பு. 'கெ' என்பதில் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். இரண்டாவது உகர வரிசை. ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே கால்தான். உகரத்தில் 'சு, பு, வு' கீழே இறங்கும், 'து, நு, லு' மேலே ஏறும், 'மு, ரு, ளு' சுழித்துத் திரும்பும், 'கு' தனி ரகம். க-விலிருந்து ன-வரை வரிசையாக எழுதிப் போட்டால் இது மண்டையில் ஏறாது. ஒரே மாதிரி மாறும் எழுத்துகளைச் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் என்று நடத்துங்கள்.

முடிவைக் குறித்துவைக்க நான்கு நிலை போதும்: எழுத்தே தெரியாது, எழுத்து தெரியும் ஆனால் கூட்டி வாசிக்க வராது, சொல் வரும், வாக்கியம் வரும். நடுவில் உள்ள இரண்டு நிலைப் பிள்ளைகள் தினம் 15 நிமிடப் பயிற்சியிலேயே நகர்ந்துவிடுவார்கள். முதல் நிலைப் பிள்ளைகளுக்கு, 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரைக்கும் என்று தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சி நூலில், அதன் முதல் படியான அரும்பு நிலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேட்டால் கிடைக்கும். 'மெல்லக் கற்போர்' என்பது பதிவேட்டோடு இருக்கட்டும். அந்தப் பெயரைச் சொல்லி முன்பெஞ்சில் உட்கார வைத்தால், அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

சத்துணவுக் கூடச் சுவரில் எழுதியிருக்கும் உணவுப் பட்டியலை ஒருநாள் யாரும் கேட்காமலே வாசித்துவிட்டு வந்து "டீச்சர், நாளைக்கு சுண்டல்" என்று சொன்னால் அன்றைய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மதிப்பீட்டிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது.

"புரிஞ்சுதா?"

கேட்காதீர்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே கத்தும், புரியாதவன்தான் இன்னும் சத்தமாகக் கத்துவான். சுற்றளவு நடத்தினால், "இந்த மேசைக்குச் சுற்றளவு எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று ஒருவனை எழுப்பிக் கேளுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் (அது பரப்பளவு) புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

முதல் பாடவேளையில் செல்போனோடு மல்லுக்கட்டுவது

வருகையை முதலில் தாள் பதிவேட்டில் எடுங்கள். சிக்னல் வரும்போது செயலியில் ஏற்றிக்கொள்ளலாம். சுற்றிக்கொண்டே இருக்கும் திரையை ஆசிரியர் முறைத்துக்கொண்டிருக்க, 40 பிள்ளைகள் பத்து நிமிடம் சும்மா இருப்பார்கள் என்று நினைப்பது பேராசை.

அடி

கூடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது.

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா"

கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கு ஒருநாள் சம்பளம் போகும். அந்தக் கோபமும் பிள்ளை முதுகில்தான் இறங்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் போடுங்கள். முதல் போன் புகாராக இருக்க வேண்டாம். "இன்னைக்குப் பலகைல இருந்த சொல் அஞ்சையும் வாசிச்சுட்டான்மா" என்று ஒரு தடவை சொல்லி வைத்தால், அடுத்த மாதம் லீவு அதிகம் போடுகிறான் என்று சொல்லக் கூப்பிடும்போது போனை எடுப்பார்கள்.