எம்87 தாரையைத் தொலைநோக்கித் தரவுகளைக் கொண்டு ஆராயும் முறை

எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து நேரான ஒளிக்கீற்று ஒன்று புறப்படுவதை 1918ஆம் ஆண்டில் லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்டிஸ் பதிவு செய்தார். ஏறத்தாழ 650 கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளையின் அருகிலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் துகள்களின் தாரையே அது. கருந்துளைத் தாரைகளைப் புதிதாக ஆராயப் புகும் மாணவர் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் உறுதியான கருத்து; 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவு இத்துறையில் அருகாமையே, ஹபிள், சந்திரா ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் பல ஆண்டுத் தரவுகளும் பொதுக் காப்பகங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

முதலில் கேள்வியைக் குறுக்கிக்கொள்ளுங்கள். தாரை முழுவதையும் ஒரே மூச்சில் ஆராய முற்படாமல், கரும்பின் கணுக்களைப் போல அதில் ஆங்காங்கே ஒளிரும் முடிச்சுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மையத்திலிருந்து ஒரு வில்விநாடிக்கும் (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு) குறைவான தொலைவில் உள்ள எச்எஸ்டி-1 என்னும் கணு 2005ஆம் ஆண்டு வாக்கில் எக்ஸ்-கதிரில் மையத்தையே விஞ்சி ஒளிர்ந்தது.

அடுத்து, எந்தக் கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதை அறிய வேண்டும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியான சந்திரா ஏறத்தாழ 0.5 வில்விநாடி வரை பிரித்தறியும். ஹபிள் அதைவிடப் பல மடங்கு கூர்மையானது. ஆகவே இரண்டின் ஒளிச்செறிவையும் ஒப்பிடுமுன் ஹபிள் படத்தைச் சந்திராவின் அளவுக்கு மங்கலாக்கி, இரு படங்களின் மையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பெறும் விகிதங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனற்றவை.

தாரையின் அடிவாரத்தைக் காண விண்வெளிக் கருவிகள் போதா. கண்டம் தாண்டி அமைந்த ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்தாக வேண்டும். 2017 ஏப்ரலில் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் எடுக்கப்பட்டு 2019இல் வெளியான புகழ்பெற்ற கருந்துளைப் படத்தில் கருந்துளையைச் சூழ்ந்த ஒளி வளையம் தெரிந்தது, தாரை தெரியவில்லை. 2018இல் 3.5 மில்லிமீட்டரில் நோக்கியபோதுதான் வளையமும் தாரையும் ஒரே படத்தில் அகப்பட்டன. அலைநீளத்தைத் தேர்வதே எதைக் காண்போம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இனி, வேகத்தை அளப்பது. எம்87இன் தொலைவில் ஒரு வில்விநாடி என்பது சுமார் 267 ஒளியாண்டு. நான்கு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு ஹபிள் படங்களில் ஒரு கணு 0.09 வில்விநாடி நகர்ந்திருந்தால், அது 24 ஒளியாண்டு கடந்ததாகத் தோன்றும். அதாவது ஒளியைப்போல் ஆறு மடங்கு வேகம். ஹபிள் உண்மையிலேயே கண்ட வேகமும் இதுவே. இயற்பியல் விதி இங்கு மீறப்படவில்லை. ஒளிவேகத்தை நெருங்கிய பொருள் ஏறக்குறைய நம்மை நோக்கி வருகையில், தான் முன்னர் உமிழ்ந்த ஒளியைத் தானே துரத்திவருவதால், அந்த ஒளி நம்மை வந்தடையும் கால இடைவெளி சுருங்கிவிடுகிறது. இந்த ஆறு மடங்கிலிருந்தே, கணு செல்லும் திசை நம் பார்வைக்கோட்டுக்கு 19 பாகைக்கு மேல் விலகியிருக்க முடியாது என்று கணக்கிடலாம்.

தேதிகளைக் கவனியாமல் விடுவது தொடக்கநிலையில் எளிதாக நேரும் பிழை. ஒளிச்செறிவு சில மாதங்களிலேயே மாறக்கூடுமாதலால், வெவ்வேறு ஆண்டுகளின் ரேடியோ, எக்ஸ்-கதிர் அளவுகளை ஒரே நிறமாலையில் (அலைநீளவாரியாக ஒளிச்செறிவைக் காட்டும் வரைபடத்தில்) சேர்க்காதீர்கள். 2017ஆம் ஆண்டு நோக்கலின்போது விண்ணிலும் மண்ணிலும் உள்ள பல தொலைநோக்கிகள் ஒரே காலத்தில் எம்87ஐ நோக்கித் திருப்பப்பட்டது இதனால்தான். காமாக் கதிர்க் கருவிகளால் தாரையின் உட்பகுதிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. காமாக் கதிர் வெடிப்பு ஒன்றை ஒரு குறிப்பிட்ட கணுவோடு இணைக்க, அதே நாட்களில் எக்ஸ்-கதிரிலோ ரேடியோவிலோ அந்தக் கணுவும் பொங்கியதா என்று சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.