கத்திரி வெயிலில் முயலுக்கு ஒரு ஐஸ் பாட்டில்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன வீடுகளில் முயல் வளர்ப்பவர்கள் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே தயாராகிவிடுங்கள். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடல் சூடு பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே பாவம், திணறும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ மொட்டைமாடியிலோ கூண்டை வைக்கவே கூடாது.

ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, ஃப்ரீசரில் உறைய வைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் படுக்க வையுங்கள். முயல் தானாக வந்து சாய்ந்துகொள்ளும், போதுமென்றால் நகர்ந்துவிடும். அதனால் நகர இடம் இருக்கட்டும். காதுகளை ஈரத்துணியால் ஒற்றியும் விடலாம். ஐஸ் தண்ணீரை மட்டும் மேலே ஊற்றிவிடாதீர்கள், அந்த அதிர்ச்சியே உயிரைப் பறிக்கக்கூடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

கினிப் பன்றிக்கும் இதே பாட்டில் உதவும். அதன் உடலில் வைட்டமின் சி உற்பத்தியாகாது என்பதால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள்.